கொடி வரைந்தால் போதுமா? தொடக்கப் பள்ளியில் உலகக் குடிமை

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாடு. கொடி வரைய வேண்டும், தலைநகரம் எழுத வேண்டும், அந்த நாட்டு உடையில் மேடையேறி இரண்டு வரி சொல்ல வேண்டும். பெற்றோர் படம் எடுப்பார்கள். மறுவாரம் சார்ட்டெல்லாம் அலமாரிக்கு மேலே போய்விடும். உலகக் குடிமை என்ற பெயரில் தொடக்கப் பள்ளிகளில் அடிக்கடி நடப்பது இதுதான். கெடுதல் ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் குழந்தை இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது? ஒரு நாடு என்றால் ஒரே உடை, ஒரே சாப்பாடு; அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி; அவர்கள் வேறு, நாம் வேறு. எதைக் கலைக்க வேண்டுமோ அதையே நாம் கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 'உலகக் குடியுரிமை' என்று எழுதினால் கடவுச்சீட்டும் விசாவும்தான் நினைவுக்கு வரும். அப்படி ஒரு உரிமையைத் தர உலகத்துக்கென்று அரசு எதுவும் இல்லை. இங்கே பேசுவது குடிமையைப் பற்றி, அதாவது நடந்துகொள்ளும் முறையைப் பற்றி. 2012-இல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் தொடங்கிய கல்வி முன்முயற்சியில் மூன்று நோக்கங்கள் இருந்தன. எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவருவதும் கல்வியின் தரத்தை உயர்த்துவதும் போக, மூன்றாவது இந்த உலகக் குடிமை. 2015-இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற உட்பிரிவில் இது இடம்பெற்றது. அதே ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி இதை அறிதல், உணர்தல், செயல்படுதல் என்று மூன்றாகப் பிரித்து, 5 முதல் 9 வயது, 9 முதல் 12 வயது என வயதுவாரியாக என்ன கற்பிக்கலாம் என்றும் சொல்கிறது. பள்ளிகள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன. தகவலுக்கு மதிப்பெண் போடுவது சுலபம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த 17 இலக்குகளின் வண்ணச் சதுரங்களைச் சுவரில் ஒட்டி, வாரம் ஒன்றாக நடத்துவது இன்னொரு வழக்கம். எட்டு வயதுக் குழந்தைக்குப் பதினேழு தலைப்பு என்பது தலைப்பே இல்லாததற்குச் சமம். வாரம் ஒரு பாடவேளை, எட்டு வாரம், கையில் நான்கைந்து செயல்பாடு இருந்தால் போதும். தனிப் பாடமாக வைக்கவும் தேவையில்லை. கணக்கு, அறிவியல், மொழிப் பாடவேளைகளிலேயே இடம் கிடைக்கும்.

எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், குழந்தைகளின் தலைக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு வெள்ளைத் தாள், இருபது நிமிடம். "வெகுதூரத்தில் இருக்கும் ஒரு நாட்டில் விமானம் இறங்குகிறது. ஜன்னல் வழியே என்ன தெரிகிறது? அங்கே உங்கள் வயதுப் பிள்ளை காலையில் என்ன செய்யும்? வரையுங்கள், பக்கத்தில் எழுதுங்கள்." பாதி வகுப்புக்கு 'ஆப்பிரிக்காவில் ஒரு இடம்' என்றும் பாதிக்கு 'ஐரோப்பாவில் ஒரு இடம்' என்றும் கொடுத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். முதல் குவியலில் சிங்கம், குடிசை, வெயில், பசி. இரண்டாவதில் பனி, உயரமான கட்டடம், ரயில். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் 54 இருப்பதும், கெய்ரோவிலும் லாகோஸிலும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் அடுக்குமாடிக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் நடுவில் வாழ்வதும் அந்தத் தாள்களில் இருக்காது. அன்றைக்கு எதையும் திருத்தக் கூடாது. சிரிக்கவும் கூடாது, "அச்சோ, அப்படியா நினைச்சே?" என்று கேட்கவும் கூடாது. திருத்தப்பட்ட குழந்தை அடுத்த முறை நமக்குப் பிடித்த விடையைத்தான் எழுதும். தாள்களை வாங்கிக் கட்டி வையுங்கள். எட்டாம் வாரத்தில் அவை தேவைப்படும்.

அடுத்து வரைபடம். பலரும் இதைப் புவியியல் என்று தள்ளிவிடுவார்கள். என் கணிப்பில் இந்த வயதில் இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. 'நமக்குக் காட்டப்படுவதை யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்திருக்கிறார்' என்ற எண்ணத்தை யாரையும் புண்படுத்தாமல் கற்பிக்க இது ஒன்றுதான் இடம் தருகிறது. ஆரஞ்சுப் பழம் ஒன்றில் அழியாத பேனாவால் கண்டங்களை உத்தேசமாக வரைந்து, தோலைக் கூடியவரை ஒரே துண்டாக உரித்து, மேசையில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியும். கிழியாமல் வைக்க முயன்றால் இழுபடும். உருண்டையைத் தட்டையாக்கினால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். பழம் தளதளவென்று மெல்லிய தோலோடு இருந்தால் காரியம் கெட்டுவிடும். தோல் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், நாலைந்து பேருக்கு ஒன்று போதும்.

பிறகு வகுப்புச் சுவரில் இருக்கும் வரைபடத்துக்கு வரலாம். அது மெர்கேட்டர் முறையாக (உருண்டை உலகைத் தட்டையாக வரையும் பழைய முறை ஒன்று) இருந்தால் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். கட்டத்தாளில் ஒரு கட்டத்தைப் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிரீன்லாந்துக்கு 2 கட்டம், ஆப்பிரிக்காவுக்கு 30. ஆசியாவுக்கு 44, வட அமெரிக்காவுக்கு 24, தென் அமெரிக்காவுக்கு 18, அன்டார்டிகாவுக்கு 14, ஐரோப்பாவுக்கு 10, ஆஸ்திரேலியாவுக்கு 8. எண்கள் முழுமையாக்கப்பட்டவைதான், குழந்தைகளுக்கு இவை போதும். கட்டங்களை வெட்டி வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது வகுப்பில் சத்தம் எழும்.

அந்தச் சத்தத்தில் ஆசிரியர் ஒரு தவறு செய்யக்கூடும். "பார்த்தீர்களா, நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். மெர்கேட்டர் 1569-இல் அந்த வரைபடத்தைச் செய்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அந்த வேலைக்கு அது அருமையான வரைபடம். பரப்பை ஒப்பிட அதைப் பயன்படுத்தியதுதான் பிசகு. சரியான பரப்பைக் காட்டும் வரைபடங்களில் நிலத்தின் வடிவம் இழுபட்டுப் போகும். ஆகவே 'பொய்யான வரைபடம், உண்மையான வரைபடம்' என்று பிரிக்காமல், 'இது யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது, இதில் எது விட்டுப்போகிறது' என்று கேட்கப் பழக்க வேண்டும். இதே கேள்வி பிறகு புகைப்படத்துக்கும் செய்திக்கும் விளம்பரத்துக்கும் பயன்படும்.

புகைப்பட வேலை மொழிப் பாடவேளைக்குப் பொருந்தும். ஒரு படத்தைப் பெரிய சார்ட்டின் நடுவில் ஒட்டி, சுற்றிலும் மூன்று வளையம் போடுங்கள். உள்வளையத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். நடுவளையத்தில் ஊகம். வெளிவளையத்தில் இந்தப் படத்தைப் பார்த்து அறிய முடியாதவை. 'பையன் சோகமாக இருக்கிறான்' என்று உள்வளையத்தில் எழுதுவார்கள். "சோகம் தெரிகிறதா, வாய் மூடியிருப்பது தெரிகிறதா?" என்று கேட்டால் அதைத் தாங்களே நடுவளையத்துக்கு மாற்றுவார்கள். முதல் முறை நடுவளையம் பிதுங்கி வழியும், வெளிவளையம் காலியாகக் கிடக்கும். இரண்டு மூன்று படத்துக்குப் பிறகுதான் வெளிவளையம் நிறையத் தொடங்கும். 'இவன் பெயர் என்ன? படம் எடுத்தவர் யார்? எடுக்கலாமா என்று இவனிடம் கேட்டார்களா? படத்துக்கு வெளியே என்ன இருந்தது?'

எந்தப் படங்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நாட்டுக்கு ஒரே படம் வைக்கவே வைக்காதீர்கள். குறைந்தது ஆறு வேண்டும்: ஒரு நகரத் தெரு, ஒரு வயல், ஒரு சமையலறை, வேலை செய்யும் ஒரு பெண், விளையாடும் குழந்தைகள், ஒரு அலுவலகம் அல்லது ஆய்வகம். ஆறும் ஒரே நாடு என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். நிதி திரட்டும் விளம்பரங்களுக்காக எடுக்கப்பட்ட படங்களைத் தவிர்ப்பது நல்லது. அவை இரக்கம் வரவழைக்கவே எடுக்கப்பட்டவை, வேறு எதற்கும் இடம் கொடுக்காது. வகுப்பில் அந்த நாட்டைச் சேர்ந்த குழந்தை இருந்தால் அதைத் திரும்பிப் பார்த்து "உங்க ஊர்ல இப்படித்தானே?" என்று கேட்கக் கூடாது. அது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு நாட்டுக்குத் தூதராக்குவது அநியாயம்.

படத்தைத் துருவ நான்கு திசைக் கேள்விகள் என்றொரு முறையும் உண்டு. வடக்கில் இயற்கை, கிழக்கில் பொருளாதாரம், தெற்கில் சமூகம், மேற்கில் 'யார் முடிவெடுக்கிறார்கள்?'. ஆங்கிலத்தில் திசைகளின் முதலெழுத்தோடு இவை பொருந்தும். தமிழில் அந்த வசதி இல்லை, நான்கு நிற அட்டைகளில் எழுதிவிட்டால் வேலை நடக்கும். ஓர் ஆற்றங்கரைப் படத்தைக் கொடுத்தால் முதல் மூன்று அட்டைக்கும் கேள்வி குவியும். நான்காவது அட்டைதான் திண்டாட வைக்கும். பாலம் எங்கே கட்டுவது என்று யார் சொன்னார்கள், அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டார்களா, வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியுமா? குடிமை என்பதன் உட்பொருள் இந்த நான்காவது அட்டையில்தான் இருக்கிறது. நேரம் போதாவிட்டால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாம்.

உலக மக்களை வகுப்பறைக்குள் கொண்டுவரும் விளையாட்டு பரவலாகத் தெரிந்ததுதான், ஆனால் அரைகுறையாகச் செய்யப்படுவது. முப்பது பேர் உலகின் 800 கோடிக்கு மேற்பட்ட மக்கள் என்று வைத்துக்கொண்டால் ஆசியாவுக்கு 18 பேர், ஆப்பிரிக்காவுக்கு 6, ஐரோப்பாவுக்கு 3, லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் 2, வட அமெரிக்காவுக்கு 1. ஓசியானியாவுக்கு, அதாவது ஆஸ்திரேலியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும், ஒருவரும் வரமாட்டார். "அப்போ அங்கே யாருமே இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். முழுமையாக்குவதில் சிறியவர்கள் காணாமல் போவார்கள் என்று கணக்குப் பாடம் அங்கேயே நடந்துவிடும். அடுத்து முப்பது நாற்காலிகளை உலகின் மொத்த உற்பத்தி மதிப்பு என்று கொள்ளுங்கள். உத்தேசமாக ஆசியாவுக்கு 11, வட அமெரிக்காவுக்கு 8, ஐரோப்பாவுக்கு 7, லத்தீன் அமெரிக்காவுக்கு 2, ஆப்பிரிக்காவுக்கு 1, ஓசியானியாவுக்கு 1. ஆளில்லாத கண்டத்துக்கு ஒரு நாற்காலி, ஒரே நாற்காலியில் ஆறு பேர், ஒருவர் படுத்துக்கொள்ள எட்டு நாற்காலி.

விளையாட்டு பதினைந்து நிமிடம் என்றால் அதற்குப் பிறகான பேச்சுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். மணி அடித்துவிட்டது என்று இங்கே நிறுத்தினால் குழந்தைகள் மூன்று தப்பான முடிவுகளோடு வெளியே போவார்கள். ஒன்று, 'அவங்க நிறைய பேர் இருக்கிறதாலதான் ஏழை.' ஆசியாவின் ஆள்கணக்கையும் நாற்காலிக் கணக்கையும் ஆப்பிரிக்காவோடு ஒப்பிடச் சொன்னால் இது தானே உடையும். இரண்டு, 'அந்தக் கண்டத்தில் எல்லாரும் அப்படித்தான்.' ஆசியாவின் 11 நாற்காலியும் 18 பேருக்குச் சமமாகப் போவதில்லை என்று அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருமுறை பிரித்துக் காட்ட வேண்டும். மூன்று, நாற்காலி கிடைக்காதவர்கள் கேலிக்கு ஆளாவது. யார் எந்தக் கண்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும், ஆசிரியர் கைகாட்டக் கூடாது. வீட்டில் கஷ்டம் இருக்கும் பிள்ளை ஆப்பிரிக்காச் சீட்டை எடுத்துவிட்டால் ஓசையில்லாமல் அதை நாற்காலி எண்ணும் வேலைக்கு மாற்றிவிடுங்கள்.

அறிவியல் வேளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். அது உலகின் மொத்த நீர். 975 மில்லி உப்பு நீர் என்று ஒதுக்கினால் மிச்சம் 25. அதில் 17.2 மில்லி பனிப்பாறைகளில், ஏழரை மில்லி நிலத்தடியில். மீதி 0.3 மில்லி, அதாவது மை நிரப்பியில் ஆறு சொட்டு. அதிலும் ஏரிகளும் ஆறுகளும் சேர்ந்து ஒரு சொட்டுக்குச் சற்று அதிகம். வகுப்பு அமைதியாகிவிடும். இங்கேதான் ஒரு கோளாறு நுழையும். 'நான் குழாயை மூடினால் தூர நாட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்கும்' என்று குழந்தை நம்பிவிடும். கிடைக்காது. தண்ணீர்ப் பற்றாக்குறை அந்தந்த ஆற்றுப்படுகையின் சிக்கல். குழாயை மூடுவது நல்ல பழக்கம், ஆனால் அது பதில் சொல்வது நம் பக்கத்து நிலத்தடி நீருக்கு. தப்பான தொடர்பைக் காட்டி நல்ல பழக்கம் உண்டாக்கினால், வளர்ந்த பிறகு தொடர்பு பொய் என்று தெரிந்ததும் பழக்கமும் போய்விடும். தூரத்தோடு உண்மையாகவே இணைந்திருப்பவை வேறு: நாம் போடும் சட்டை, தின்னும் சாக்லெட்.

சாக்லெட்டை எடுத்துக்கொள்ளலாம். கோகோ நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 20 பாகைக்குள்தான் நன்றாக விளையும். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. வகுப்பை ஐந்து குழுவாக்குங்கள்: விவசாயி, உள்ளூர் வியாபாரி, கப்பல் நிறுவனம், சாக்லெட் ஆலை, கடைக்காரர். ஒரு சாக்லெட்டின் விலை 100 காசு, உங்கள் பங்கு எவ்வளவு, ஏன்? ஒவ்வொரு குழுவும் தன் வேலையைப் பட்டியலிட்டுப் பங்கு கேட்கும். கூட்டினால் 200-ஐத் தாண்டும். பிறகு பேரம் பேசி நூறுக்குக் கொண்டுவர வேண்டும். விவசாயிக் குழுவிடம் ஒரு துண்டுச் சீட்டை மட்டும் ரகசியமாகக் கொடுத்திருங்கள்: 'பறித்த காய் கெட்டுப்போகும், காத்திருக்க முடியாது.' பேரத்தில் யார் முதலில் இறங்கி வருகிறார்கள் என்று பாருங்கள். விவசாயிக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது என்று ஆசிரியர் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதே இல்லை. இதற்கு வில்லன் ஒருவரைத் தேடுவார்கள், பெரும்பாலும் கடைக்காரர் மாட்டுவார். அவர் வாடகை, கூலி, மின்கட்டணம் என்று கணக்குச் சொல்ல இடம் கொடுங்கள்.

உரிமை பற்றிய பாடத்தில் பல பள்ளிகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஐ.நா. 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. அதில் 54 பிரிவுகள். அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதில் தரப்பாகியிருக்கின்றன. கருத்துச் சொல்லும் உரிமை, விளையாடும் உரிமை, கல்வி, பாதுகாப்பு என்று ஒன்பதை எடுத்து எளிய சொற்களில் அட்டையாக்கி, வைர வடிவில் அடுக்கச் சொல்லலாம்: மேலே ஒன்று, அடுத்து இரண்டு, மூன்று, இரண்டு, கீழே ஒன்று. அடுக்கும்போது நடக்கும் சண்டைதான் பாடம். அடுக்கி முடிந்ததும், எந்த உரிமையும் மற்றதைவிடத் தாழ்ந்ததில்லை என்று உடன்படிக்கையே கருதுவதைச் சொல்லிவிட வேண்டும். சறுக்கல் இதற்கு அடுத்து வருகிறது. உரிமைக்குப் பக்கத்தில் கடமை என்று ஒரு பட்டியல் எழுதி, 'ஒழுங்காகப் படித்தால்தான் படிக்கும் உரிமை' என்று முடித்துவிடுவார்கள். உரிமை நன்னடத்தைக்குப் பரிசு இல்லை. அடம் பிடிக்கும் குழந்தைக்கும் அது உண்டு. கடமையைப் பேச வேண்டும் என்றால் 'எனக்குள்ள உரிமை அவளுக்கும் உண்டு, அதனால் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கலாம்.

போர், அகதிகள், வெள்ளம் எல்லாம் அழைக்காமலே வகுப்புக்குள் வரும், காலையில் தொலைக்காட்சி பார்த்த ஒரு பிள்ளையின் வழியாக. அந்த நிமிடமே பதில் சொல்லத் தேவையில்லை. கேள்விப்பெட்டி ஒன்று வைத்திருந்தால் "எழுதிப் போடு, நாளைக்குப் பேசலாம்" என்று ஒருநாள் அவகாசம் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் மூன்று நெடுவரிசை: நமக்கு உறுதியாகத் தெரிவது, கேள்விப்பட்டது, மனதுக்கு என்ன தோன்றுகிறது. முதல் வரிசை மிகக் குட்டையாக இருக்கும், இருக்கட்டும். காணொளி காட்டக் கூடாது. ஆசிரியர் தான் யார் பக்கம் என்று சொல்லவும் கூடாது, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொய் சொல்லவும் கூடாது. அங்கே யார் உதவுகிறார்கள் என்ற பேச்சோடு முடித்தால் குழந்தை இரவில் தூங்கும்.

செயல் என்று வரும்போது எல்லாரும் உண்டியலைத் தேடுவார்கள். பழைய துணி, பழைய பொம்மை, மிச்சக் காசு. கொடுப்பது தப்பில்லை, ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற இரண்டே வேடம்தான் குழந்தை மனதில் பதியும். ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ்ப்படி மூன்றையும் பங்கேற்பே இல்லை என்கிறார்: கையாளுதல், அலங்காரம், பெயருக்கு வைத்திருத்தல். பெரியவர்கள் எழுதிய முழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகும் குழந்தைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு வாரம் உலகத்தைப் பேசிவிட்டுப் பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று பிள்ளைகள் கடிதம் எழுதினால் அது தோல்வியில்லை. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, மறுத்தால் அடுத்து என்ன என்று தேடியிருக்கிறார்கள். நான்காவது அட்டை வேலை செய்கிறது. ஒரு நிபந்தனை: தலைமையாசிரியர் அந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றாலும் காரணத்தோடு. இதை அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள். பதில் வராத கடிதம், கேட்டுப் பயனில்லை என்பதைத்தான் கற்பிக்கும்.

வேற்று நாட்டுப் பள்ளியோடு தொடர்பு கிடைத்தால் நேரலைக் காணொளியை நம்பாமல் பதிவு செய்து அனுப்புவதும் கடிதமும் நல்லது. நேர வித்தியாசமும் இணைப்புக் கோளாறும் சேர்ந்து பாடவேளையை விழுங்கிவிடும். முழுப்பெயர், முகவரி, முகம் தெரியும் படம் எதுவும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது. அனுப்புவதற்கு முன் கேள்விகளைப் பிள்ளைகளே சலிக்கட்டும்: இதையே நம்மிடம் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? 'உங்கள் ஊரில் கார் உண்டா?' அங்கேயே உதிர்ந்துவிடும். 'உங்கள் வகுப்பில் எதற்குச் சண்டை வரும்?' தங்கும்.

எட்டாம் வாரம், கட்டி வைத்த தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். அதே தாளில் வேறு நிறப் பேனாவால் மாற்ற வேண்டியதை மாற்றட்டும், சேர்க்க வேண்டியதைச் சேர்க்கட்டும். மதிப்பெண் வேண்டாம். பழைய மையிலும் புது மையிலும் 'எல்லாரும்', 'எப்பவும்', 'பாவம்' என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன, 'சில பேர்', 'தெரியலை' எத்தனை முறை, கேள்விக்குறி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 'எல்லாரும்' குறைந்து கேள்விக்குறி கூடியிருந்தால் சரியான திசையில்தான் போயிருக்கிறது. 'பாவம்' கூடியிருந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.